கீழ் முதுகு வலி எனக்குக் குறைந்த விதம்

காலையில் எழுந்ததும் குனிந்து செருப்பு மாட்டக்கூட முடியாத அளவுக்கு எனக்குக் கீழ் முதுகு பிடித்துக்கொள்ளும். மதியத்துக்குள் ஓரளவு இளகிவிடும். டாக்டர் பரிசோதித்துவிட்டு, எலும்பிலோ நரம்பிலோ கோளாறு தெரியவில்லை, தசைதான் இறுகியிருக்கிறது என்றார். இந்த வகை வலி பலருக்குச் சில வாரங்களில் தணிந்துவிடுமாம். படுத்தே கிடந்தால்தான் இழுத்துக்கொண்டு போகும் என்றார்.

எனக்கு அதிகம் கைகொடுத்தது நடைதான். முதலில் வீட்டுக்குள்ளேயே மெதுவாக, அப்புறம் வெளியே. அரை மணிக்கு ஒருமுறை நாற்காலியை விட்டு எழுந்துவிடுவேன்.

இரவில் முதுகெலும்புகளுக்கு இடையில் மெத்தை போல இருக்கும் வட்டுகள் (டிஸ்க்) நீரை உறிஞ்சி உப்பியிருக்கும்; அப்போது குனிந்தால் அவற்றின் மேல் அழுத்தம் கூடும். அதனால் எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிவதைத் தவிர்த்தேன். காலை வலி நன்றாகக் குறைந்தது இதற்குப் பிறகுதான்.

பயிற்சி என்று பார்த்தால் ஒன்றே ஒன்றைத்தான் விடாமல் செய்கிறேன். மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, பாதங்களைத் தரையில் ஊன்றி, பிட்டத்தை மெல்ல உயர்த்த வேண்டும். தோளிலிருந்து முழங்கால் வரை ஒரே கோடாக வந்ததும் 5 நொடி நிறுத்தி இறக்க வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. இடுப்பு வளைந்து வயிறு மேலே தள்ளினால் தேவைக்கு அதிகமாகத் தூக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

வலி கூடும் நாளில் வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வைப்பேன். ஒருக்களித்துப் படுக்கும்போது முழங்கால்களுக்கு நடுவே தலையணை.

கால் மரத்துப்போனாலோ, பலம் குறைந்தாலோ, சிறுநீரை அடக்க முடியாமல் போனாலோ தயவுசெய்து இதையெல்லாம் முயன்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.