ஏலகிரிக்குச் சைக்கிளில்: முதன்முறை மலையேறுபவர்களுக்கு

சமவெளியில் முப்பது நாற்பது கிலோமீட்டர் சிரமமில்லாமல் ஓட்டுபவர்கள்தான் மலைப்பாதையில் முதலில் கவிழ்கிறார்கள். நானும் அப்படித்தான் கவிழ்ந்தேன். ஏலகிரியின் முதல் இரண்டு வளைவுகளை மிடுக்காகக் கடந்தேன். நான்காவது வளைவில் தொடை நடுங்கி, தடுப்புச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். மொபெட்டில் பலாப்பழம் ஏற்றிக்கொண்டு போன பெரியவர் ஒருவர் வேகத்தைக் குறைத்து, "என்ன தம்பி, இப்போதே உட்கார்ந்துவிட்டாய்? மலை இனிமேல்தான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த முறை நிற்காமல் ஏறினேன். இடைப்பட்ட காலத்தில் என் கால்கள் ஒன்றும் பெரிதாக வலுப்பெற்றுவிடவில்லை. மெதுவாக ஓட்டக் கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான்.

படி 1: மலையைத் தேர்ந்தெடுங்கள்

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள், ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40, சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20. ஏலகிரிக்கு 14 மட்டுமே. அடிவாரமான பொன்னேரியிலிருந்து மேலே அத்தனாவூர் வரை ஏறத்தாழ 600 மீட்டர் ஏற்றம். சராசரியாக ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 5 அல்லது 6 மீட்டர் உயர்வீர்கள். தொடக்கக்காரர் ஒரு காலையில் முடிக்கக்கூடிய அளவு இது. ஜோலார்பேட்டை ரயில் சந்திப்பு அருகிலேயே இருப்பதால் சென்னை, பெங்களூர் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சேர்வது எளிது.

இன்னொரு வசதியும் உண்டு. இங்கே வளைவுகளுக்குப் புலவர்களின் பெயர்களையும் கடையெழு வள்ளல்களின் பெயர்களையும் சூட்டியிருக்கிறார்கள். மூச்சு வாங்கும்போது எண்ணிக்கை மறந்துபோகும், பெயர்ப்பலகை மறக்கவிடாது. பாரி முல்லைக்குத் தேரைக் கொடுத்தான். அந்த முதல் நாள் யாராவது கேட்டிருந்தால் நான் சைக்கிளையே கொடுத்திருப்பேன்.

படி 2: கியர் கணக்கைப் பாருங்கள்

இதைத் தவிர்த்துவிட்டு மற்றதை எல்லாம் சரியாகச் செய்தாலும் பயனில்லை. பெடலோடு சேர்ந்திருக்கும் முன்பற்சக்கரங்களில் மிகச் சிறியதன் பற்களை எண்ணுங்கள். பின்சக்கரத்தில் மிகப் பெரியதன் பற்களையும் எண்ணுங்கள். முன்னே 34, பின்னே 34 என்று வைத்துக்கொள்வோம். பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்று, அதாவது சுமார் 2.1 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஏழரைக் கிலோமீட்டர். முதல் ஏற்றத்துக்கு அதுதான் சரியான வேகம்.

கியர் இல்லாத பழைய சைக்கிளில் முன்னே 44, பின்னே 18 பற்கள் இருந்தால் ஒரு மிதிக்குச் சக்கரம் இரண்டரைச் சுற்றுக்கு நெருக்கமாகச் சுழலும். அதே ஏழரைக் கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு 25 சுற்றுதான் மிதிக்க முடியும். ஒவ்வொரு மிதியும் கிணற்றில் நீர் இறைப்பது போல் இருக்கும், முழங்கால் தாங்காது. ஆகவே மிகச் சிறிய முன்பற்சக்கரத்தில் இருக்கும் பற்களை விடப் பின்னே இருக்கும் மிகப் பெரியதில் பற்கள் கூடுதலாகவோ சமமாகவோ இருக்கிற சைக்கிளை எடுங்கள். உங்களுடையது அப்படி இல்லையென்றால் கடையில் பின்பற்சக்கரத் தொகுதியை மட்டும் மாற்றித் தரச் சொல்லலாம். இலேசான, விலை உயர்ந்த சைக்கிளுக்குச் செலவழிப்பதை விட இந்தச் செலவு புத்திசாலித்தனமானது.

பிரேக் கட்டைகள் தேய்ந்திருந்தால் புறப்படும் முன் மாற்றிவிடுங்கள். இறங்கும்போது உங்களுக்கு வேறு துணை கிடையாது. சீட்டில் உட்கார்ந்து, பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். சீட்டின் உயரத்துக்கு இந்த அளவு போதும். ஒரு டியூப், டயர் கழற்றும் நெம்புகோல், கைப்பம்பு ஆகியவையும் கூடவே வரட்டும்.

படி 3: ஒரு மாதம் பழகுங்கள்

வாரத்துக்கு மூன்று நாள், ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டுங்கள். ஏற்றமே இல்லாத ஊரில் இருப்பவர்களுக்கு எதிர்காற்றுதான் மலை. கடற்கரைச் சாலையில் மாலைக் காற்றை எதிர்த்து ஓட்டிப் பார்த்தால் தெரியும். சென்னைவாசிகளுக்குப் பரங்கிமலை இருக்கிறது. சிறிய ஏற்றம்தான், ஆனால் நான்கைந்து முறை ஏறி இறங்கினால் கியர் மாற்றும் பழக்கம் கைக்கு வந்துவிடும். மேம்பாலத்தில் பழகும் நண்பர்கள் சிலரைத் தெரியும். பஸ்கள் உரசிப் போகும் அந்த இடத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 4: விடியலில் தொடங்குங்கள்

காலை ஆறு மணிக்கு அடிவாரத்தில் இருங்கள். வார இறுதிகளில் ஒன்பது மணிக்கு மேல் கார்களின் வரிசை தொடங்கிவிடும். மே மாதக் கோடை விழா நாட்களைத் தவிர்த்துவிடலாம். புறப்படுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு மூன்று இட்லி போதும். பூரி வேண்டாம். மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை தண்ணீர் என்று கணக்கு வைத்து, ஒரு பாட்டிலில் எலுமிச்சையும் உப்பும் சர்க்கரையும் கலந்துகொள்ளுங்கள். கடலை மிட்டாயைச் சட்டையின் பின்பையில் வையுங்கள். வாழைப்பழத்தை ஹேண்டில்பாரில் தொங்கவிட்டால் குரங்குகள் உங்கள் பாரத்தைக் குறைத்துவிடும்.

படி 5: ஏறுங்கள்

முதல் மூன்று வளைவுகள் வரை, "இவ்வளவு மெதுவாகவா?" என்று உங்களுக்கே வெட்கமாக இருக்க வேண்டும். அந்த வெட்கம் இல்லையென்றால் வேகம் அதிகம். அளந்து பார்க்கக் கருவி எதுவும் தேவையில்லை. ஒரு திருக்குறளை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஏழு சீரையும் இடையில் மூச்சு வாங்காமல் சொல்ல முடிந்தால் வேகம் சரி. முதல் அடியின் நான்கு சீருக்கே மூச்சு முட்டினால் கியரை இலேசாக்குங்கள்.

கியரை மாற்றுவது சரிவு கூடுவதற்கு முன்பாகவே நடக்க வேண்டும். செங்குத்தான இடத்தில் முழு பலத்தோடு மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் நழுவும், சில நேரம் அறுந்தும்போகும். மாற்றும் அந்தக் கணத்தில் மட்டும் மிதியைத் தளர்த்துங்கள்.

உட்கார்ந்தே ஏறுங்கள். முதுகு வலித்தால் ஒரு கியர் கடினமாக்கிக்கொண்டு, எழுந்து நின்று இருபது மிதி மிதித்துவிட்டு மறுபடியும் உட்காருங்கள். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிப்பதால் மலை இறங்கி வரப்போவதில்லை.

வளைவுகளில் ஒரு நுட்பம் உண்டு. நம் நாட்டில் இடப்பக்கம் ஓட்டுவதால், ஏறும்போது இடப்புறம் திரும்பும் கொண்டை ஊசி வளைவில் நீங்கள் உள்விளிம்பில் இருப்பீர்கள். தூரம் குறைவு, ஆனால் சரிவு மிகக் கடுமை. பின்னால் வண்டி இல்லையென்று உறுதி செய்துகொண்டு, உங்கள் பாதிச் சாலைக்குள்ளேயே சற்று வெளிப்பக்கமாக விலகி ஏறினால் சுலபம். வலப்புறம் திரும்பும் வளைவில் நீங்கள் வெளிவிளிம்பில் இருப்பதால் சரிவு குறையும். தண்ணீர் குடிக்க அதுதான் இடம். மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை என்பது விதி. ஆனால் பஸ் ஒன்று சாலை முழுவதையும் அடைத்துக்கொண்டு திரும்பும்போது விதியைப் பேசிப் பயனில்லை. வளைவுக்குச் சற்று முன்பே ஒதுங்கி நின்று, அது போன பிறகு நகருங்கள்.

நின்றால் மீண்டும் தொடங்குவது எப்படி? சமதளத்தில் போல் நேராகத் தொடங்கினால் பெடல் சுற்றுவதற்குள் சாய்ந்துவிடுவீர்கள். இரண்டு பக்கமும் சாலை காலியாக இருக்கும்போது சைக்கிளைக் கொஞ்சம் குறுக்காகத் திருப்பி, பிரேக்கைப் பிடித்தபடி ஒரு பெடலை மேலே கொண்டுவாருங்கள். அதை அழுத்தும்போதே பிரேக்கை விடுங்கள். வண்டி நகர்ந்த பிறகு நேராக்கிக்கொள்ளலாம்.

ஒன்றரை மணி நேரமோ இரண்டு மணி நேரமோ ஆகலாம். சில தூரம் தள்ளிக்கொண்டு நடந்தாலும் ஏறியதாகவே கணக்கு. என் கணக்கில் அப்படித்தான்.

படி 6: மேலே

அத்தனாவூரில் தேநீர், பிறகு புங்கனூர் ஏரிக்கரையில் அரை மணி நேரம். வியர்வையில் நனைந்த சட்டையில் மலைக்காற்று பட்டால் உடல் சட்டென்று குளிர்ந்துவிடும். பேகன் மயிலுக்குப் போர்வை தந்தான். உங்களுக்குத் தர யாரும் வரமாட்டார்கள். மடித்து வைக்கக்கூடிய மெல்லிய காற்றுச்சட்டை ஒன்றைக் கொண்டுபோங்கள்.

படி 7: இறங்குங்கள்

ஏறும்போது பெரும்பாலும் களைப்புதான் வரும். விபத்து நடப்பது இறங்கும்போது. பிரேக்கை வளைவுக்கு முன்பே பிடித்து வேகத்தைக் குறைத்துவிடுங்கள். வளைவுக்குள் நுழைந்த பின் அழுத்திப் பிடித்தால் சக்கரம் வழுக்கும், அதுவும் மணலோ சரளையோ கிடந்தால் நிச்சயம். வளைவின் வெளிப்பக்கத்துப் பெடலைக் கீழே இறக்கி அதன்மேல் எடையை வையுங்கள். கண் வளைவின் முடிவைப் பார்க்கட்டும். பள்ளத்தைப் பார்த்தால் சைக்கிளும் அங்கேதான் போகும்.

ரிம்மைப் பிடிக்கும் பிரேக் என்றால் தொடர்ந்து பிடித்துக்கொண்டே இறங்காதீர்கள். சூட்டில் டியூப் வெடிக்கலாம். சில நொடி அழுத்திப் பிடியுங்கள், சில நொடி விடுங்கள். மூன்று நான்கு வளைவுகளுக்கு ஒருமுறை நின்று கையை உதறிக்கொள்ளுங்கள். அதற்குள் ரிம்மும் ஆறும்.

பொன்னேரிக்கு வந்ததும் ரிம் எவ்வளவு சூடாகியிருக்கிறது என்று விரலால் தொட்டுப் பார்க்கத் தோன்றும். தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். நான் விரலால்தான் பார்த்தேன்.