காது கேளாதோர் ஆய்வியல்: நூலகத்தில் தேடும் முறை

காது கேளாதோரின் வரலாறு, மொழி, கல்வி, வாழ்வு ஆகியவற்றை ஆராயும் காது கேளாதோர் ஆய்வியலுக்கு நூல் தேடுகிறவர், பெரும்பாலான நூலகங்களில் இத்துறைக்கென்று தனி அலமாரி இராது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டியூயி முறையைக் கொண்ட நூலகத்தில் கல்வி 371.912-இலும், நலப்பணிகள் 362.42-இலும், சைகை மொழி 419-இலும், காது மருத்துவம் 617.8-இலும் சிதறிக் கிடக்கும். அமெரிக்கக் காங்கிரஸ் நூலக முறையிலோ பெரும்பகுதி சமூகப் பிரச்சினைகளுக்கும் நலப்பணிகளுக்குமான எச்.வி. வகுப்பில், அதாவது குற்றவியல் நூல்கள் இருக்கும் அதே வகுப்பில், வைக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்கச் சைகை மொழியைப் பற்றிய நூல்கள்கூட மொழியியலோடு சேராமல் எச்.வி. 2474-இல் இருப்பது, அந்த மொழியை நூலகம் எந்தக் கண்ணால் பார்த்தது என்பதையும் சொல்லிவிடுகிறது.

தேடுசொல்லைக் காலத்துக்கேற்ப மாற்றுவது அதைவிட முக்கியம். 'டெஃப்' (காது கேளாதவர்) என்று மட்டும் தேடினால் அண்மைக்கால நூல்களே முன்னே நிற்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குப் போக வேண்டுமானால், இன்று எழுதக் கூசும் 'டெஃப் அண்ட் டம்ப்', 'டெஃப்-மியூட்' (இரண்டுக்கும் 'செவிட்டூமை' என்று பொருள்) ஆகிய சொற்களையும் இட்டே ஆக வேண்டும். 1847-இல் தொடங்கிய 'அமெரிக்கன் அன்னல்ஸ் ஆஃப் த டெஃப்' இதழின் பெயரிலேயே முதலில் 'அண்ட் டம்ப்' இருந்தது. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் தேடும்போது 'ஹியரிங் இம்பேர்டு' (செவித்திறன் குறைந்தவர்) என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

காது கேளாதோர் கல்வி பற்றி 1880-இல் கூடிய மிலான் மாநாடு, சைகையை விலக்கிப் பேச்சின் வழியே கற்பிக்கும் வாய்மொழிக் கல்வியை ஆதரித்துத் தீர்மானம் போட்டதைப் பற்றி எழுதுவதாக வைத்துக்கொள்வோம். மாநாட்டு அறிக்கைகளையும் கல்வி இதழ்களையும் மட்டும் படித்தால் பெரும்பாலும் கேட்கும் திறனுள்ள ஆசிரியர்களின் குரலே கிடைக்கும். காது கேளாதோர் தாமே என்ன நினைத்தார்கள் என்பதற்கு, நியூ ஜெர்சி காது கேளாதோர் பள்ளியிலிருந்து வெளிவந்த 'த சைலன்ட் வொர்க்கர்' போன்ற ஏடுகளைப் புரட்ட வேண்டும். வாஷிங்டனில் காது கேளாதோருக்கென உள்ள காலடெட் பல்கலைக்கழகத்தின் நூலகம் அதை எண்ணிமப்படுத்தி வைத்திருக்கிறது; இத்துறையில் எதைத் தேடினாலும் அந்த நூலகத்தின் பட்டியலை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

அச்சில் வராத சான்றும் உண்டு. 1913-இல், காது கேளாதவரான அமெரிக்கர் ஜார்ஜ் வெடிட்ஸ் சைகை மொழியைக் காக்க வேண்டி, சைகை மொழியிலேயே நிகழ்த்திய உரை, படச்சுருளாகத்தான் இருக்கிறது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு மட்டும் போதுமென்று நின்றுவிடாமல், படத்தைப் பார்த்து, மேற்கோளுக்குப் பக்க எண் இடுவதுபோல் நிமிடத்தையும் நொடியையும் குறித்துக்கொள்ள வேண்டும்.