பச்சை கூடினால் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள்

பழனி மலையின் உச்சிப் பகுதிகளை 1973 முதல் 2014 வரை செயற்கைக்கோள் படங்களில் ஒப்பிட்டுப் பார்த்த ஓர் ஆய்வு, அங்கிருந்த புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதாகச் சொன்னது. லேண்ட்சாட் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள் வரிசை எடுத்த அதே படங்கள் 2008 முதல் எல்லோருக்கும் இலவசம். லேப்டாப்பும் பொறுமையும் இருந்தால் நீங்களும் இந்த வேலையில் இறங்கலாம். ஆனால் சறுக்கும் இடங்கள் சில உண்டு.

பெரிய சறுக்கல், பசுமைக் குறியீட்டைப் பரீட்சை மதிப்பெண் போலப் படிப்பது. இலை சிவப்பு ஒளியை உறிஞ்சி, அகச்சிவப்பைத் திருப்பி அனுப்புகிறது. அந்த வித்தியாசத்தைத்தான் என்.டி.வி.ஐ. என்ற இந்தக் குறியீடு எண்ணாக்குகிறது. எந்த இலை என்று அதற்குத் தெரியாது. ஜனவரி, பிப்ரவரியில் மலைப் புல் உறைபனியில் கருகிப் பழுப்பாகக் கிடக்கும். வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து, பின்னால் தோல் பதனிடும் பட்டைக்காக வனத்துறையும் நட்ட சீகை (வாட்டில்) மரமோ அப்போதும் பச்சைதான். ஆக, ஒரு புல் சரிவின் பிப்ரவரிக் குறியீடு வருடா வருடம் ஏறிக்கொண்டே போனால், சந்தோஷப்பட ஒன்றுமில்லை. அநேகமாகச் சீகை ஏறுகிறது, வரையாட்டின் மேய்ச்சல் சுருங்குகிறது.

இதே குழப்பம் அரசுக் கணக்கிலும் இருக்கிறது. இந்திய வன அளவை நிறுவனம், ஒரு ஹெக்டேருக்குக் குறையாத இடத்தில் மர நிழல் 10 சதவீதம் இருந்தாலே வனப்பரப்பில் சேர்த்துவிடும். நட்ட தோப்பா, இயற்கையான சோலைக்காடா என்று பிரிப்பதில்லை. புல்வெளி அழிந்து சீகைக் காடானால் அந்தக் கணக்கில் அது வரவு! எனவே ‘வனப்பரப்பு கூடியது’ என்ற செய்தியை வைத்துப் புல்வெளியைப் பற்றி எதுவும் முடிவு செய்யாதீர்கள்.

அடுத்தது மாதம். ஒரு வருடத்து நவம்பர் படத்தையும் இன்னொரு வருடத்து பிப்ரவரி படத்தையும் பக்கத்தில் வைத்தால், பருவ மாற்றமே அழிவு போலத் தெரியும். ஒரே மாதத்துப் படங்களை எடுங்கள், இரண்டு வருடங்களோடு நிற்காமல் இடையிலும் பாருங்கள். 1970-களின் லேண்ட்சாட் படத்தில் ஒரு கட்டம் (பிக்சல்) சுமார் 80 மீட்டர், இன்றைய ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-2 படத்தில் 10 மீட்டர். அன்று கண்ணுக்கே படாத சிறு தோப்பு இன்று ‘புதிதாக முளைத்தது’ போல வரும். புதிய படத்தின் கட்டங்களைப் பழைய அளவுக்குப் பெரிதாக்கிவிட்டு ஒப்பிடுங்கள்.

மலையில் நிழலும் ஏமாற்றும். லேண்ட்சாட் காலையில் கடக்கிறது. குளிர்காலச் சூரியன் அப்போது தென்கிழக்கில் தாழ்வாக நிற்கும். வடமேற்குச் சரிவெல்லாம் இருண்டு கிடக்க, கணினி அதைச் சோலை என்று எழுதிவிடும். உயர வரைபடத்தை வைத்து நிழலைத் திருத்தாமல் வகைப்படுத்தாதீர்கள்.

கடைசியாக, சீகையை வெட்டிய இடம். அடுத்த வருடப் படத்தில் அது புல்வெளி மாதிரியே தெரியும். ஆனால் மண்ணில் பல ஆண்டு உயிரோடு கிடக்கும் சீகை விதைகள் வெளிச்சம் பட்டதும் கொத்துக் கொத்தாக முளைக்கும். இடுப்பளவுச் செடியைப் புல்லிலிருந்து பிரித்துக் காட்டப் படம் பெரும்பாலும் தடுமாறும். அதனால் வெட்டிய இடத்தை ‘மீண்டது’ என்று உடனே குறிக்காமல், சில வருடங்கள் தனி நிறத்திலேயே விட்டு வையுங்கள், நேரில் ஒருமுறை போய்ப் பார்க்கும் வரையாவது.