சாய்தளம் கண்டதும் ‘யெஸ்’ போடாதீர்கள்

யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் அணுகல் வசதிகளைக் குறிக்கப் புதிதாக வருகிறவர்களின் திருத்தங்களை அடிக்கடி பார்க்கிறேன். முதல் வருடம் நான் செய்த அதே தவறுகள். எழுத்துப்பிழை, இடம் மாறி விழுந்த புள்ளி போன்றவற்றை யாராவது சீக்கிரமே திருத்திவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வாசலோடு திரும்பிவிடுவது

இன்றும் எனக்குக் கோபம் வருவது இதில்தான். ஒரு நூலக வாசலில் சாய்தளம் இருந்தது. தெருவில் நின்றபடியே பார்த்துவிட்டு ‘வீல்சேர்’ டேகில் (ஓர் இடத்தின் விவரத்தை வரைபடத்தில் பதியும் புலம்) யெஸ் போட்டேன். சில மாதம் கழித்து, அதை நம்பிச் சக்கர நாற்காலியில் போனவர் வரைபடத்தில் குறிப்பு எழுதியிருந்தார். சாய்தளம் முடிகிற இடத்தில், கதவுக்கு முன்னால் ஒரு படி. அவர் அப்படியே திரும்பிப் போயிருக்கிறார். நான் பத்தடி நடந்திருந்தால் அந்தப் படி கண்ணில் பட்டிருக்கும்.

அப்புறம் டேப் எடுத்துப் போய் அளந்தேன். படி 11 செ.மீ. ‘நோ’ என்று மாற்றினேன்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தகவலை வைத்து சக்கர நாற்காலி போகும் இடங்களைக் காட்டும் வீல்மேப் பின்பற்றும் அளவுகோல் தெளிவானது. யெஸ் என்றால் வாசலிலும் உள்ளே உள்ள அறைகளிலும் படியே இல்லை. லிமிடெட் என்றால் வாசலில் ஒரே ஒரு படி, அதுவும் 7 செ.மீ.க்கு மேல் போகாதது. முக்கியமான அறைகளுக்குப் படியில்லாமல் போகலாம். மற்றதெல்லாம் நோ. ‘இரண்டு பேர் பிடித்துத் தூக்கிவிடுவார்கள்’ என்பது யெஸ் ஆகாது. மோட்டார் நாற்காலி பல சமயம் 100 கிலோவைத் தாண்டும்.

சாய்தளத்தின் நீளத்தையும் பாருங்கள். பரவலாகச் சொல்லப்படும் அளவு 1:12. அதாவது 15 செ.மீ. உயரம் ஏற 1.8 மீட்டர் நீளம் வேண்டும். படிமேல் சாய்த்துப் போட்ட குட்டைப் பலகை அந்தக் கணக்கில் வராது. மூன்று சொல்லில் அடங்காத விவரத்தை ‘வீல்சேர்:டிஸ்கிரிப்ஷன்’ டேகில் எழுதுங்கள்: பக்கவாசலில் சாய்தளம், கதவு அகலம் 85 செ.மீ., பூட்டியிருந்தால் மணியடிக்க வேண்டும். போகிறவருக்கு வேண்டியது இதுதான்.

தெரியாததற்கு ‘நோ’

வேண்டாம். காலியாக விடுங்கள், காலி இடத்தைப் பார்த்து யாராவது நேரில் போவார்கள்.

கழிப்பறை

‘டாய்லெட்ஸ்:வீல்சேர்’ தனி டேக். கட்டடத்துக்கு யெஸ் போட்டதால் கழிப்பறைக்கும் சேர்ந்துவிடாது.

சக்கர நாற்காலியோடு நிறுத்திக்கொள்வது

சாலையோடு சமமாக இறங்கும் நடைபாதை விளிம்பு நாற்காலிக்கு நல்லது. ஆனால் கைத்தடியால் விளிம்பைத் தேடுகிற பார்வையற்றவருக்கு நடைபாதை எங்கே முடிகிறது என்றே தெரியாது. ஆகவே சாலையைக் கடக்கும் இடத்தில் நடைபாதை விளிம்புக்கான ‘கெர்ப்’ டேக் போட்டால், காலுக்குத் தட்டுப்படும் புடைப்புத் தரை இருக்கிறதா, சிக்னல் ஒலிக்கிறதா என்பதையும் போடுங்கள். பார்த்துவிட்டுப் போடும் ‘இல்லை’யும் தகவல்தான். படிக்கட்டு என்றால் படிகளை எண்ணுங்கள், கைப்பிடி உண்டா என்று பாருங்கள். ஊன்றுகோலோடு வருகிறவர் அதை வைத்துத்தான் முடிவெடுப்பார்.

சரிவின் திசை

ஏற்றமா இறக்கமா என்பது வரைபடத்தில் பாதைக்குக் கோடு வரைந்த திசையைப் பொறுத்தது. கோட்டைத் திருப்பினால் இதையும் சரிபாருங்கள்.

தேதி

சாய்தளத்தைப் பெயர்த்துவிடுவார்கள், லிஃப்ட் நின்றுபோகும். நேரில் பார்த்த நாளை ‘செக்_டேட்:வீல்சேர்’ டேகில் போட்டுவிடுங்கள்.