நெட் ரன் ரேட்டைப் பிழையில்லாமல் போடுவது எப்படி?

சேலம் வட்டாரத்து லீக் போட்டிகளில் இரண்டு அணிகள் ஒரே பாயின்டில் வந்து நின்றால், யார் மேலே என்பதை நெட் ரன் ரேட்தான் சொல்லும்; எல்லாரும் ஸ்கோர் நோட்டைத்தான் தேடுவார்கள். வாழப்பாடி மைதானத்தில் நடந்த டி.என்.பி.எல். (தமிழ்நாடு பிரீமியர் லீக்) ஆட்டங்களுக்கும் உள்ளூர் 20 ஓவர் லீக்குக்கும் கணக்கு ஒன்றுதான்.

சாதாரண ரன் ரேட் எளிது: ரன்னை 6-ஆல் பெருக்கி, வீசிய பந்துகளால் (தேவைப்படும் ரேட் என்றால் மீதமுள்ள பந்துகளால்) வகுக்க வேண்டும். 28 பந்தில் 47 ரன் தேவை என்றால், 47 × 6 ÷ 28 = 10.07. வைடு, நோபாலில் வரும் ரன் சேரும். பந்து எண்ணிக்கை ஏறாது.

நெட் ரன் ரேட் என்பது ஓர் அணி அடித்த ரன் ரேட்டில் இருந்து கொடுத்த ரன் ரேட்டைக் கழித்தால் வருவது. அதற்கு நோட்டில் நான்கு பத்தி போடுங்கள்: அடித்த ரன், ஆடிய பந்து, கொடுத்த ரன், வீசிய பந்து. ஓவராக எழுதவே வேண்டாம். 14.4 ஓவர் என்பது 14 ஓவரும் 4 பந்தும், அதாவது 88 பந்து. அதைக் கால்குலேட்டரில் 14.4 என்றே தட்டினால், 121 ரன்னுக்கு 8.25 வர வேண்டிய இடத்தில் 8.40 வரும். முதலில் சறுக்கும் இடம் இதுதான்.

ஓமலூர் அணி மூன்று 20 ஓவர் ஆட்டம் ஆடியதாக வைத்துக்கொள்வோம். முதல் ஆட்டத்தில் 20 ஓவரில் 164 அடித்து, எதிரணியை 17.2 ஓவரில் 131-க்கு ஆல் அவுட் செய்தது. இரண்டாவதில் எதிரணி 20 ஓவரில் எடுத்த 120-ஐ விரட்டி, 14.4 ஓவரில் 121. மூன்றாவதில் 20 ஓவரில் 145 கொடுத்துவிட்டு, 15.3 ஓவரில் 98-க்குச் சுருண்டது.

ஆல் அவுட் ஆன அணி முழு ஒதுக்கீட்டையும் ஆடியதாகவே கணக்கு. 17.2, 15.3 இரண்டுக்கும் 120 பந்து என்றே எழுதுங்கள். இல்லாவிட்டால் சீக்கிரம் சுருண்ட அணிக்கு ரன் ரேட் ஏறிவிடும். அது நியாயமே இல்லை.

அடித்தது 383 ரன், 328 பந்து: 7.006.
கொடுத்தது 396 ரன், 360 பந்து: 6.600.
நெட் ரன் ரேட் +0.406.

ஆல் அவுட் விதியை மறந்தால் இதே அணிக்கு +0.728 வரும். ஆட்டத்துக்கு ஆட்டம் தனித்தனியாகப் போட்டு (+1.65, +2.25, −2.35) சராசரி எடுத்தால் +0.517. இந்தச் சராசரி முறைதான் பார்க்கச் சரிபோலத் தோன்றி ஏமாற்றும். ரன்னையும் பந்தையும் தொடர் முழுக்கக் கூட்டிய பிறகு, கடைசியில் ஒரே முறை வகுங்கள். மூன்று தசம இடம் வரை எழுதுங்கள். அரையிறுதி இடம் அந்த மூன்றாவது இலக்கத்தில் போகலாம்.

மழை சேர்வராயன் மலைப் பக்கம் திரண்டு வந்தால் கணக்கும் மாறும். தொடங்கும் முன்பே ஆட்டத்தை 12 ஓவராகக் குறைத்தால், ஆல் அவுட்டுக்கு 72 பந்து. ஆட்டம் தடைபடும்போது இலக்கைத் திருத்தும் டி.எல்.எஸ். (டக்வொர்த்-லூயிஸ்-ஸ்டெர்ன்) முறையில் இலக்கு மாறினால், முதலில் ஆடிய அணிக்கு அது உண்மையில் எடுத்த ரன்னை எழுதக் கூடாது. புதிய இலக்கில் ஒன்று குறைத்து, இரண்டாவது அணிக்கு ஒதுக்கிய ஓவருக்கு எழுத வேண்டும். முடிவில்லாமல் போன ஆட்டமும் சூப்பர் ஓவர் ரன்னும் இந்த நோட்டுக்குள் வராது.

வெற்றி ரன் சிக்ஸராக வந்தால் ஆறையும் முழுதாகச் சேருங்கள். 120-ல் நிற்கும்போது சிக்ஸர் விழுந்தால் ஸ்கோர் 126. 121 என்று நிறுத்தினால் ஐந்து ரன் நஷ்டம்.