கர்னலில் ஐபி முகவரி அச்சிடும் குறிகளுக்கு ஆவணம் எழுதுவது எப்படி?

லினக்ஸ் கர்னலில் டிரைவர் எழுதப் பழகுகிறவர்கள் ஐபி முகவரியை லாகில் காட்ட, நாலு பைட்டையும் தனித்தனியாகப் பிரித்து நடுவில் புள்ளி வைத்து அச்சிடுவதை அடிக்கடி பார்க்கிறேன். அந்தப் பாடே வேண்டாம், கர்னல் லாகில் எழுதும் பிரிண்ட்கே என்ற செயற்கூறுக்குள்ளேயே இதற்குக் குறிகள் இருக்கின்றன. எல்லாமே சதவீதக் குறி, சின்ன பி (%p) என்றுதான் தொடங்கும்.

சிக்கல் எங்கே என்றால், கம்பைலருக்கு அந்த பி வரைக்கும்தான் தெரியும். "ஒரு பாயிண்டர் (மாறி நினைவகத்தில் இருக்கும் இடம்) வரணும்" என்று மட்டும் பார்க்கும். அதற்குப் பின்னால் வரும் ஐ, 4 எல்லாம் அதற்கு வெறும் எழுத்து. 4 பைட் மாறியை 16 பைட் கேட்கும் குறிக்குக் கொடுத்தாலும் வாயே திறக்காது, பக்கத்தில் கிடக்கும் 12 பைட்டும் சேர்ந்து லாகில் வந்துவிடும். கம்பைலர் பிடிக்காததை ஆவணம்தான் பிடிக்க வேண்டும்.

படி 1: எதைக் கொடுக்க வேண்டும் என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள். பெரிய ஐ, 4 என்ற குறிக்கு முகவரியின் மதிப்பைக் கொடுக்கக் கூடாது, அந்த மாறிக்கு முன்னால் ஆம்பர்சாண்ட் போட்டுப் பாயிண்டரைக் கொடுக்க வேண்டும்.

படி 2: ஒவ்வொரு குறிக்கும் வெளியீட்டை அப்படியே காட்டுங்கள். பெரிய ஐ, 4 போட்டால் 1.2.3.4 என்று வரும். சின்ன ஐ போட்டால் 001.002.003.004. ஒரே எழுத்து, பெரியதா சின்னதா என்பதுதான் வித்தியாசம், இதை வார்த்தையில் விளக்குவதைவிட இரண்டு வெளியீட்டையும் அடுத்தடுத்து வைத்தால் படிப்பவருக்குச் சட்டென்று புரியும்.

ஐபிவி6-க்கும் இதே கதைதான். பெரிய ஐ, 6 போட்டால் 0000:0000:0000:0000:0000:0000:0000:0001 என்று முழுசாக வரும், சின்ன ஐ போட்டால் முக்காற்புள்ளிகள் போய்விடும், பெரிய ஐ, 6-க்குப் பின்னால் சின்ன சி சேர்த்தால் சுருங்கி ::1 ஆகிவிடும். மேக் முகவரிக்கு (நெட்வொர்க் கார்டின் வன்பொருள் முகவரி) பெரிய எம், அது 00:01:02:03:04:05 என்று காட்டும்.

படி 3: பைட் வரிசை, அதாவது எண்ணின் பைட்டுகள் எந்த ஒழுங்கில் வைக்கப்பட்டிருக்கின்றன என்பது. இதைத்தான் பலரும் எழுதாமல் விடுகிறார்கள். பெரிய ஐ, 4 குறி, முகவரி நெட்வொர்க் வரிசையில் (பெரிய மதிப்புள்ள பைட் முதலில்) இருப்பதாக எடுத்துக்கொண்டுதான் அச்சிடும். நீங்கள் 192.168.1.10 என்ற முகவரியை ஏற்கெனவே ஹோஸ்ட் வரிசைக்கு (அந்தக் கணினியின் சொந்த வரிசைக்கு) மாற்றி வைத்திருந்தால், எக்ஸ்86 கணினியில் லாகில் 10.1.168.192 என்று தெரியும். அதுவும் பார்க்க ஒழுங்கான முகவரி மாதிரியே இருப்பதால் சந்தேகமே வராது, பிழை வேறெங்கோ இருக்கிறது என்று நாள் முழுக்கத் தேடிக்கொண்டிருப்போம். குறியின் கடைசியில் சின்ன எச் சேர்த்தால் சரியாகிவிடும். எச் இருக்கிறது என்பதோடு நிறுத்தாமல், இந்தத் தலைகீழ் வெளியீட்டையும் ஆவணத்தில் போடுங்கள். லாகில் அதைப் பார்த்தவர் தேடி வரும்போது கண்ணில் படும்.

படி 4: எந்த வகை முகவரி வரும் என்று முன்கூட்டியே தெரியாத இடத்துக்குப் பெரிய ஐ, பெரிய எஸ். இது சாக்அட்ர் (முகவரியையும் அதன் வகையையும் சேர்த்து வைக்கும் கட்டமைப்பு) பாயிண்டரை வாங்கி, உள்ளே இருக்கும் குடும்ப எண்ணைப் பார்த்து, அது ஐபிவி4-ஆ ஐபிவி6-ஆ என்று தானே முடிவு செய்யும். கடைசியில் இன்னொரு சின்ன பி சேர்த்தால் போர்ட் எண்ணும் வரும்.

அப்புறம், புதுக் குறி சேர்க்கிறீர்கள் என்றால் நிரலையும் ஆவணத்தையும் ஒரே பேட்ச் (கர்னலில் சேர்க்கக் கோரி அனுப்பும் மாற்றம்) தொகுப்பில் அனுப்புங்கள். குறிகளைக் கையாளும் கோப்பின் குறிப்புரையிலேயே ஆவணத்தையும் மாற்றச் சொல்லி எழுதியிருக்கிறார்கள். பிரிண்ட்எஃப் சோதனைக் கோப்பில் ஒரு வரி சேர்த்து, ஆவணத்தில் காட்டிய அதே வெளியீட்டை அங்கேயும் எதிர்பார்க்கும் விடையாக வையுங்கள்.