ஜப்பானிய மேப்பிள்: தேர்வும் நடவும் பராமரிப்பும்

ஜப்பானிய மேப்பிள் வாங்க நர்சரிக்குச் செல்பவர்களில் பலர், இளவேனிலில் அதன் புதுத் தளிர்கள் காட்டும் சிவப்பைக் கண்டதுமே முடிவெடுத்துவிடுகிறார்கள். அந்தக் கன்று பதினைந்து ஆண்டுகளில் எவ்வளவு உயரமும் அகலமும் பெறும், அதை நட நினைக்கும் இடத்தில் பிற்பகல் வெயில் எவ்வளவு நேரம் விழும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கண்ட பிறகே நிறத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். இந்த மரத்துக்கு நேரும் கேடுகளில் பூச்சியாலும் நோயாலும் வருபவை குறைவு. பொருந்தாத இடத்தாலும், தேவைக்கு மேல் ஆழமாக நடுவதாலும் வருபவையே மிகுதி.

ஜப்பான், கொரியா முதலிய நாடுகளின் மலைக்காடுகளில் இது உயர்ந்த மரங்களுக்குக் கீழே, வடிகட்டிய ஒளியில் வளரும் சிறுமரம். எடோ காலத்திலேயே (1603–1868) ஜப்பானியத் தோட்டக்காரர்கள் இதன் இலைவடிவிலும் நிறத்திலும் மாறுபட்ட கன்றுகளைத் தேடித் தேர்ந்து பெருக்கினார்கள். இன்று பல நூறு வகைகள் உள்ளன. இலையுதிர்த்து உறங்குவதற்குக் குளிர்காலம் தேவைப்படும் மரம் என்பதால், தமிழ்நாட்டுச் சமவெளியில் இதை வளர்க்க முயல்வது வீண். டொராண்டோ, லண்டன் போன்ற நகரங்களில் வீடும் சிறு தோட்டமும் உள்ளவர்களுக்கு இது மிகவும் ஏற்றது.

வகைகளை நிமிர்ந்து வளர்பவை, கிளை தாழ்ந்து படர்பவை என்று இரண்டாகப் பிரித்துக்கொண்டால் தேர்வு எளிதாகும். நிமிர்ந்து வளர்பவற்றில் ‘பிளட்குட்’ பரவலாகக் கிடைப்பது. கருஞ்சிவப்பு இலைகளுடன் ஏறத்தாழ 5 மீட்டர் வரை உயரும். ‘எம்பரர் ஒன்’ அதைப் போன்றதே என்றாலும் சற்றுத் தாமதமாகத் தளிர்ப்பதால், ஏப்ரல் இறுதியிலும் மே தொடக்கத்திலும் வரும் பின்பனியிலிருந்து பெரும்பாலும் தப்பிவிடுகிறது. டொராண்டோவில் இது சிறிய நன்மையன்று. ‘ஒசகாசுகி’ கோடை முழுவதும் சாதாரணப் பச்சையாக நின்று, இலையுதிர்காலத்தில் செந்தணல் நிறம் கொள்ளும். ‘சாங்கோ-காக்கு’ இலை உதிர்ந்த பின்னரும் பவளச் சிவப்புக் கிளைகளால் அழகு தரும். தாழ்ந்து படர்பவற்றில், மெல்லிழைகளாகப் பிளந்த இலைகளையுடைய ‘கிரிம்சன் குவீன்’ புகழ்பெற்றது; இது உயரத்தைக் காட்டிலும் அகலத்தில் விரிவதால் நடைபாதையின் ஓரத்தில் நடத் தகாதது. ஒரே ஒரு மரத்துக்குத்தான் இடம் உண்டென்றால், நான் சிவப்பு வகைகளை விட்டு ஒசகாசுகியைத்தான் பரிந்துரைப்பேன். சிவப்பு இலை வகைகளில் பல, கோடைக் கடுமையில் நிறம் மங்கி, ஆழ்ந்த நிழலில் பச்சையும் பழுப்புமாக மாறிவிடுகின்றன.

பெயரிடப்பட்ட வகைகள் ஏறத்தாழ அனைத்தும் ஒட்டுக்கட்டிய செடிகள். வாங்கும்போது ஒட்டு இணைந்த இடத்தில் வெடிப்போ அழுகலோ இல்லை என்பதைப் பார்க்க வேண்டும். ஒட்டுக்குக் கீழிருந்து பச்சைத் தளிர்கள் கிளம்பினால் அவை வேர்ச்செடியினுடையவை (ஒட்டுக்கு அடியில் வேர் தந்து நிற்கும் செடி), அவ்வப்போது அடியோடு நீக்காவிட்டால் நாம் பணம் கொடுத்து வாங்கிய வகையை மூடிவிடும். தொட்டிக்குள் வட்டமாகச் சுற்றி இறுகிய வேர்களும் ஏற்புடையவையல்ல. விதையிலிருந்து முளைத்த கன்று மலிவாகக் கிடைக்கும். ஆனால் அது தாய்மரத்தைப் போலவே வரும் என்பதற்கு உறுதியில்லை.

காலை வெயிலும் பிற்பகல் நிழலும் விழும் இடமே சிறந்தது. ஆகவே வீட்டின் கிழக்குப் பக்கம் பொதுவாகப் பொருந்தும். வலுத்த காற்று வீசும் மூலைகளையும், பனிக்காலத்தில் உப்புத் தூவும் சாலையோரங்களையும் தவிர்க்க வேண்டும். மண் இலேசான அமிலத்தன்மையுடன், கார அமில நிலை 5.5 முதல் 6.5 வரை இருந்தால் நல்லது. அதைவிட முக்கியம் வடிகால். குழி தோண்டி நீர் நிரப்பிப் பார்க்கும்போது பல மணி நேரம் நீர் வடியாமல் நின்றால், அங்கே மண்ணை மேடாக்கித்தான் நட வேண்டும்.

குழி வேர்த்திரளைப் போல இரண்டு, மூன்று மடங்கு அகலமாக இருக்கட்டும். ஆழம் மட்டும் வேர்த்திரளின் உயரத்தைத் தாண்டக் கூடாது. அடிமரம் விரிந்து வேராகப் பிரியும் இடம் மண்மட்டத்துக்கு மேலே தெரிய வேண்டும். தொட்டி மண்ணிலேயே அது புதைந்திருந்தால், மேல்மண்ணைக் கையால் நீக்கி வெளிக்கொணர வேண்டும். தோண்டிய மண்ணைக் கொண்டே குழியை நிரப்புவது நல்லது. குழியை மட்கு உரத்தால் மட்டும் நிரப்பினால் வேர் அங்கேயே சுற்றிக்கொண்டு வெளிமண்ணுக்குச் செல்லத் தயங்கும். உரம் மட்க மட்க மரமும் கீழே அமிழும்.

வேர்கள் மேலாகப் பரவுபவை என்பதால், 5 முதல் 8 சென்டிமீட்டர் கனத்தில் மரப்பட்டைத் துகள்களை மூடாக்காக இட வேண்டும்; ஆனால் அது அடிமரத்தைத் தொடக் கூடாது. முதல் இரண்டு கோடைகளில் மழையில்லாத வாரங்களில் வாரம் ஒருமுறையேனும் மண் ஆழமாக நனையும்படி ஊற்ற வேண்டும். நாள்தோறும் தெளித்து விடுவதால் வேர் மேலேயே தங்கிவிடும். இலை விளிம்பு பழுப்பாகக் கருகினால் பலர் உரம் இடுகிறார்கள். பெரும்பாலும் காரணம் வெயில், வறண்ட காற்று, நீர்க்குறைவு ஆகியவற்றுள் ஒன்றே. உரம் நிலைமையை மோசமாக்கக்கூடும். வளமான மண்ணில் உரமே தேவையில்லை. இட்டே ஆக வேண்டுமென்றால் வசந்தத் தொடக்கத்தில் சிறிதளவு, மெதுவாகக் கரையும் வகை போதும்.

கவாத்தில் அவசரம் கூடாது. வசந்தத்தில் சாறு ஏறும் நாள்களில் வெட்டினால் காயத்திலிருந்து நீர் வடியும். எனவே இலை முழுதும் உதிர்ந்து மரம் உறங்கும் காலத்திலோ, இலை முற்றிய நடுக்கோடையிலோ வெட்டலாம். காய்ந்த சுள்ளிகளையும், ஒன்றோடொன்று உரசும் கிளைகளையும் முதலில் நீக்கினாலே மரத்தின் வடிவம் வெளிப்பட்டுவிடும். வேலிச்செடியை வெட்டுவது போல வெளிவிளிம்பைச் சமமாக நறுக்குவது இந்த மரத்துக்குச் செய்யும் கொடுமை. அடுக்கடுக்கான கிளையமைப்பு அதோடு போய்விடும்.

தொட்டியிலும் இது பல்லாண்டு வளரும். ஆனால் கிளைகள் தாங்கும் குளிரை வேர்கள் தாங்கா. நிலத்தில் நட்ட மரத்துக்குத் தீங்கு செய்யாத உறைபனி, தொட்டிமண்ணை எல்லாப் பக்கங்களிலிருந்தும் ஊடுருவி வேரைக் கொல்லும். கனடாவில் இலையுதிர்ந்ததும் தொட்டியை வெப்பமூட்டாத கராஜுக்குள் கொண்டு சென்று, மண் முற்றிலும் உலராமல் அவ்வப்போது சிறிது நீர் விட வேண்டும். வெளியே நிற்கும் இளமரங்களின் பட்டையை முயலும் எலியும் கடிப்பதால் கம்பிவலை சுற்றுவதும் அவசியம்.

நோய்களில் அஞ்ச வேண்டியது வெர்ட்டிசிலியம் வாடல். நலமாக இருந்த மரத்தில் திடீரென ஒரு கிளை மட்டும் வாடினால், அதை வெட்டிக் குறுக்குவெட்டைப் பார்க்க வேண்டும். பட்டைக்கு உட்புற மரத்தில் கரும்பச்சையோ பழுப்போ ஆன கோடுகள் தெரிந்தால் இந்தப் பூஞ்சையே காரணமாக இருக்கலாம். இதைக் குணமாக்கும் மருந்து இல்லை. பாதிப்புற்ற கிளைகளை நீக்கி, வெட்டும் கருவியை ஒவ்வொரு வெட்டுக்கும் இடையே ஆல்கஹாலால் துடைத்து, வறட்சியின்றி நீர் கொடுத்தால் சில மரங்கள் பிழைத்துக்கொள்கின்றன. மரம் பட்டுப்போனால் பூஞ்சை மண்ணில் நெடுங்காலம் தங்கும். ஆகவே அதே இடத்தில் மற்றொரு மேப்பிளை நடாமல், இந்நோய்க்கு ஆட்படாத ஊசியிலை மரம் ஒன்றை நட வேண்டும்.